நாற்காலிக்காக நாமா, நமக்காக நாற்காலியா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டுரைப் போட்டி என்றால் மாணவியர் தவறாமல் கையாளும் பழமொழி இது. ஆனால் கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது இந்தப் பழமொழியையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவது எங்கும் வழக்கமாகிவிட்டது. உள்ளே போனால் சித்திரத்தைப் பற்றித்தான் பேச்சு. எத்தனை பாடம் முடிந்தது, என்ன வேகத்தில் அடிக்கிறாய், செய்முறைத் தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று கேட்பார்கள். கணினியின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சுவரைப் பற்றி, அதாவது நம் உடம்பைப் பற்றி, கேட்பவர் அரிது.

ஆகவே எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கணினியை இயக்கக் கற்றுக்கொடுக்கும் முன்னே, அதன் முன் எப்படி உட்காருவது என்று கற்றுக்கொடுக்க வேண்டும். உட்காரும் இடமும் உட்காருகிறவளின் அளவுக்கு அமைய வேண்டும். நாற்காலிக்கு ஏற்றபடி பெண்ணை வளைப்பது முறையன்று.

"உட்காருவதற்குக் கூடவா ஓர் ஆசிரியர் வேண்டும்?" என்று பெரியோர் சிரிக்கலாம். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன அம்மாக்களும் சித்திகளும் சிரிக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் இன்றும் ஊருக்கு ஊர் தட்டச்சுப் பயிற்சி நிலையங்கள் நடக்கின்றன. அரசுத் தேர்வும் ஆண்டுதோறும் நடக்கிறது. அங்கே சேர்ந்த முதல் நாள் ஆசிரியர் சொல்வது எழுத்தைப் பற்றியது அன்று. முதுகை நிமிர்த்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்று, மணிக்கட்டைத் தொங்கவிடாதே, விசையைப் பார்க்காதே என்பவையே முதல் பாடம். 'ஏ எஸ் டி எஃப்' அதற்குப் பிறகுதான் வரும். பழைய இயந்திரம் போய்ப் புதிய இயந்திரம் வந்தபோது அந்த முதல் பாடத்தை எங்கோ தவறவிட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது.

இது புதிய வியாதியும் அன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் எழுத்தர்களின் துன்பத்துக்கு மூன்று காரணங்கள் காட்டினார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டே இருப்பது, பிழை வந்துவிடுமோ என்று மனம் இறுகிக் கிடப்பது ஆகியவை அவை. இறகுப் பேனாக் காலத்தில் சொன்னது. இறகுப் பேனாவை எடுத்துவிட்டுக் கீபோர்டை வைத்துப் பாருங்கள். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிராது.

கணினியில் ஒரு தனிச் சங்கடமும் உண்டு. நோட்டுப் புத்தகத்தில் எழுதும்போது கண்ணும் கையும் ஒரே இடத்தில் வேலை செய்கின்றன. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை தரையில் சம்மணமிட்டு, சாய்வான பெட்டி மேசையின்மேல் பேரேட்டை விரித்து எழுதினார். மேசை சாய்ந்திருந்ததால் அவருடைய கழுத்து அதிகம் சாயவில்லை. கணினியிலோ கண்ணுக்கு வேலை திரையில். கைக்கு வேலை கீபோர்டில். கண்ணுக்கு ஓர் உயரம் வேண்டும்; கைக்கு வேறோர் உயரம் வேண்டும். இந்த இரண்டு உயரங்களையும் சரிப்படுத்துவதுதான் முழு வித்தை. மற்றவை எல்லாம் அதன் கிளைகளே.

எப்படி உட்காருவது?

வீடு கட்டுகிறவர் அஸ்திவாரத்திலிருந்து தொடங்குவது போல நாமும் பாதத்திலிருந்து தொடங்குவோம். இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிய வேண்டும். தொங்கும் காலுக்குத் தொடையின் அடிப்பக்கம் அழுந்தும். சற்று நேரத்தில் மரத்துப்போகும். கால் எட்டாதவர்களுக்கு அடியில் ஒரு மணைப்பலகை போதும். மணை இல்லையென்றால் இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும் போதும்.

அடுத்தது இடுப்பு. நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டு உட்காராமல் நன்றாகப் பின்னால் தள்ளி, முதுகு சாய்மானத்தில் படும்படி அமர வேண்டும். இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கும் இடத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் முதுகு தானே நிமிரும். முதுகு சாய இடமில்லாத ஸ்டூல் சிறிது நேரத்துக்குத்தான் ஆகும். முழுப் பீரியட் உட்கார ஆகாது. முழங்காலுக்குப் பின்னே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும்.

பிறகு கை. தோளைத் தளரவிட்டு, முழங்கையை உடம்போடு ஒட்டினாற்போல் மடக்கினால் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, அந்த உயரத்தில்தான் கீபோர்டு இருக்க வேண்டும். வழக்கமான மேசை ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரம் உடையது. வளர்ந்த ஆண்களை நினைத்துச் செய்த அளவு அது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது மார்பளவு வருகிறது. அவள் தோள் இரண்டையும் காதுவரை தூக்கிக்கொண்டு அடிக்கிறாள். மேசையின் காலை அறுக்க முடியாது; அவளை உயர்த்தலாம் அல்லவா? நாற்காலியின்மேல் ஒரு திண்டு, காலுக்கு ஒரு பலகை, வேலை முடிந்தது. மவுஸ் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே, அதே மட்டத்தில் இருக்கட்டும். எட்டிப் பிடித்தால் தோள் வலிக்கும்.

கடைசியில் கண். திரை ஒரு கை நீளத் தொலைவில், அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டர் வரையில், நேர் எதிரே இருக்க வேண்டும். அதன் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருப்பது நலம். திரை தாழ்வாக இருந்தால் அடியில் பழைய புத்தகங்களை அடுக்கலாம். போன வருஷத்துப் பாடநூல்கள் இப்படியும் நமக்கு உதவட்டும்! ஆனால் மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமாக இரட்டைக் கண்ணாடி அணியும் பெற்றோரும் சிஸ்டர்களும் திரையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கீழ்க் கண்ணாடி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து நோகும்.

ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெயில் திரையில் பளிச்சிடும். முன்னால் இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருப்பதே சரி. பார்த்து அடிக்க வேண்டிய தாளை மேசையில் படுக்கப் போடாமல், திரைக்குப் பக்கத்தில் ஓர் அட்டையில் சாய்த்து நிறுத்தினால் தலை ஏறி இறங்கும் வேலை குறையும்.

கழுத்தின் கணக்கையும் கேளுங்கள். நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது கழுத்து தாங்குவது அவ்வளவே. தலை குனியக் குனியச் சுமை ஏறுகிறது. 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்புகளின்மேல் விழும் பாரம் சுமார் 27 கிலோ ஆகிறது என்று நியூயார்க் நகர முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹான்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டார். கடையில் வாங்கும் அரிசிச் சிப்பம் 25 கிலோ. அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்யச் சொன்னால் எந்தத் தாயாவது சம்மதிப்பாரா? செல்போனை மடியில் வைத்துக் குனிந்து பார்க்கும் பெண் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

தமிழில் அடிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1999-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசை அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம் இருக்கின்றன. மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் இருக்கின்றன. அதனால் இரண்டு கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. ஒரு கை உழைக்க மறு கை வேடிக்கை பார்ப்பதில்லை. அம்மாவும் மகளும் சேர்ந்து உலக்கை போடுவது போன்ற அழகான ஏற்பாடு இது. இதைப் பழகிக்கொள்வது தமிழுக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது.

ஓய்வும் ஓர் ஒழுங்கே

எவ்வளவு நேர்த்தியாக உட்கார்ந்தாலும் அசையாமல் இருந்தால் பயனில்லை. சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் கண் இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. கண் உலர்ந்து எரிவதற்கு அதுவே காரணம். ஆகவே 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள ஒரு பொருளை, 20 வினாடி பார்க்கும்படி கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரம் இதற்குப் போதும். மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

மூவேளைச் செபத்துக்கு மணி அடித்தால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்து நிற்பது நம் திருச்சபையின் பழைய வழக்கம். வேலையை நடுவில் நிறுத்தத் தெரிவதும் ஒரு கட்டுப்பாடு என்று அந்த மணி நமக்குக் கற்பித்திருக்கிறது. கணினி அறைக்கும் அப்படி ஒரு சிறு மணி வேண்டும்.

மடியில் வைக்காத மடிக்கணினி

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் அன்றைய முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த லட்சக்கணக்கான பிள்ளைகளின் வீட்டுக்குள் முதல் கணினி அப்படித்தான் நுழைந்தது. பல வீடுகளில் அக்கா பெற்ற மடிக்கணினி இன்று தங்கையின் கைக்கு வந்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய செய்திதான்.

ஆனால் அதன் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. திரையும் கீபோர்டும் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட பொருள் அது. கைக்குச் சரியாக வைத்தால் கண்ணுக்குத் தாழ்வு. கண்ணுக்குச் சரியாக உயர்த்தினால் கைக்கு மேடு. அரை மணி நேர வேலைக்குப் பாதகமில்லை. நீண்ட நேர வேலைக்கு ஒரே வழிதான் உண்டு. மடிக்கணினியைப் புத்தகங்களின்மேல் தூக்கி வைத்து, தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் இணைத்துக்கொள்ள வேண்டும். சில நூறு ரூபாய்க்கு அவை கிடைக்கின்றன. மெத்தைமேலும் தலையணைமேலும் வைப்பது கூடவே கூடாது. அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டு இயந்திரம் கொதிக்கும். பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கடையில் கொடுத்து மாற்ற வேண்டும். குத்தவோ அழுத்தவோ கூடாது.

மின்சாரத்தோடு விளையாட்டு வேண்டாம்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மூன்று முனைப் பிளக்கில் ஒரு முனை மட்டும் நீளமாகவும் தடியாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 'எர்த்' முனை. செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியாக விடுபட வேண்டும் என்றே அதை நீளமாகச் செய்திருக்கிறார்கள். இரண்டு துளைப் பெட்டியில் நுழையவில்லை என்று அதை ஒடித்துவிடுவது காவல்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போலாகும். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கணினியையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துச் செருகக் கூடாது. அந்தப் பெட்டி தரையில் கிடந்தால் துடைக்கும் தண்ணீர் படும். வயர் நடைபாதையில் ஓடினால் கால் தடுக்கும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் வீட்டில் இருக்கிறதா என்று பெற்றோர் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் மழைக்காலத்தையும் மறக்க முடியாது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலின்போது சென்னையும் நம் மாவட்டமும் வெள்ளத்தில் தவித்ததை அனைவரும் அறிவோம். புயல் செய்தி வந்ததும் பிளக்கைப் பிடுங்கிக் கணினியை உயரத்தில் ஏற்றிவிட வேண்டும். ஒருமுறை நனைந்துவிட்டால், வெளியே காய்ந்தது போல் தெரிந்தாலும், தெரிந்தவரிடம் காட்டாமல் ஸ்விட்சைப் போடக் கூடாது.

மறுத்துச் சொல்வோருக்கு

"இந்த வயதில் என்ன முதுகுவலி? நாங்கள் தரையில் உட்கார்ந்து படித்தவர்கள்" என்பார் சிலர். உண்மைதான். அவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அடிக்கடி எழுந்தும் ஓடினார்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள், பள்ளிக்கு நடந்தார்கள். இன்று பிள்ளை பள்ளியில் பெஞ்சில், வேனில் இருக்கையில், வீட்டில் திரை முன்னே என்று உட்கார்ந்தே நாளைக் கழிக்கிறாள்.

"இதற்கெல்லாம் பணம் ஏது?" என்பார் வேறு சிலர். மணைப்பலகை, சுருட்டிய துண்டு, பழைய புத்தகம், செங்கல் ஆகியவற்றுக்கு என்ன விலை? ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் சுழல் நாற்காலியை நாங்கள் கேட்கவில்லை.

மூன்றாவது மறுப்புதான் எங்களைச் சிந்திக்க வைத்தது. பெண்பிள்ளை என்றால் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும், சின்ன வலியைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்க்கிறார்கள். பொறுமை பெரிய புண்ணியம்; அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு பலகையை வைத்தால் தீரும் வலியைச் சுமப்பதில் என்ன புண்ணியம் இருக்கிறது? நம் ஆண்டவர் தச்சர் வீட்டில் வளர்ந்தவர். அவர் கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைசாட்சி புனித ஜஸ்டின் எழுதி வைத்திருக்கிறார். பொன்னேரிப் பக்கம் நெல் விளையும் பூமி. ஏர் பூட்டிய தாத்தாக்களைக் கேட்டால் தெரியும்: நுகத்தடி சரியாகப் பொருந்தாவிட்டால் காளையின் கழுத்து புண்ணாகிவிடும், பிறகு அது ஏர் இழுக்காது. நல்ல தச்சர் மாட்டின் கழுத்தைப் பார்த்துத்தான் மரத்தை இழைப்பார். உழைப்பை ஒழிப்பதற்காக அவர் அப்படிச் செய்யவில்லை. நாள் முழுதும் உழைக்க முடிய வேண்டும் என்பதற்காகவே செய்தார். நாங்கள் கேட்பதும் அதுதான்.

நாளைய உழைப்பாளிகள்

இது எங்கள் பள்ளிப் பருவத்தோடு முடிகிற காரியமா? நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளின் அலுவலகங்களில் சரக்குக் கணக்கு கணினியில் ஏறுகிறது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுக வேலை கணினி இல்லாமல் நடக்காது. பத்திரம் எழுதும் இடங்களிலும் இ-சேவை மையங்களிலும் அக்காமார் காலை முதல் மாலை வரை கீபோர்டு முன்னே அமர்ந்திருக்கிறார்கள். எங்களில் பலர் நாளை அந்த நாற்காலிகளில் உட்காரப் போகிறவர்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், முப்பது ஆண்டு என்று பெருக்கிப் பாருங்கள். பதினைந்து வயதில் கூன் பழகினால் ஐம்பது வயதில் என்ன மிஞ்சும்?

உட்காருவது உரிமை என்று சட்டமே ஏற்றிருக்கிறது. நின்றே வேலை செய்யும் தொழிலாளர்கள் இடையிடையே அமர இருக்கை வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இடம்பெற்றது. கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பெண்களுக்கு அது நெடுங்காலம் எட்டவில்லை. 2018-இல் கேரளமும், 2021-இல் நம் தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் தக்க இருக்கை வேண்டும் என்று ஆணையிட்டன. 'தக்க' என்ற சொல்லைக் கவனியுங்கள். உட்கார ஏதோ ஒன்று இருந்தால் போதாது. அது உட்காருகிறவருக்குத் தக்கதாக இருக்க வேண்டும். தனக்குத் தக்கது எது என்று பள்ளியிலேயே அறிந்த பெண், நாளை வேலைக்குப் போகும் இடத்தில் தலைநிமிர்ந்து அதைக் கேட்பாள். அறியாதவள் வலியைத் தன் விதி என்று எண்ணிக்கொள்வாள். இந்தப் பாடத்தை நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகவே.

எங்கள் வேண்டுகோள்

பள்ளிகளுக்கு: ஆண்டின் முதல் கணினி வகுப்பை உட்காரும் வகுப்பாக ஆக்குங்கள். அறையில் கால்பலகைகளும் திண்டுகளும் சில இருக்கட்டும். ஒரு கணினிக்கு மூவர் அமர வேண்டியிருந்தால் கால் மணிக்கு ஒருமுறை நடு இடம் மாறட்டும். ஓரத்தில் இருப்பவள் மட்டும் ஏன் கழுத்தைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்? இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வகுப்புத் தலைவி மணி அடிக்கட்டும்.

பெற்றோருக்கு: பிள்ளை படிக்கக் கட்டிலை விட்டு ஒரு மேசையோரம் தாருங்கள். "கண் எரிகிறது, கழுத்து வலிக்கிறது" என்று அவள் சொன்னால், சோம்பல் என்று எண்ணும் முன் அவள் உட்காரும் இடத்தை ஒருமுறை பாருங்கள்.

தோழியருக்கு: நம் வகுப்பில் குட்டையானவளும் உண்டு, நெட்டையானவளும் உண்டு. இறைவன் நம்மை ஒரே அச்சில் வார்க்கவில்லை. ஒரே உயரத்தில் செய்த நாற்காலி எல்லோருக்கும் பொருந்தாது. பொருத்திக்கொள்ளும் வேலை நம்முடையது. பக்கத்தில் இருப்பவள் கூனிக் குறுகி அமர்ந்திருந்தால் மெல்ல அவள் முதுகைத் தட்டுங்கள். கோபித்துக்கொள்ளாமல் அவளும் நிமிரட்டும். நாளை அவள் நம் முதுகைத் தட்டட்டும்.

புனித பவுலடிகளார் நம் உடலை ஆலயத்துக்கு ஒப்பிட்டார். ஆலயத்தின் தூண் சாய்ந்தால் பங்கு முழுவதும் ஓடிவந்து நிமிர்த்துகிறது. நம் முதுகெலும்பும் அத்தகைய தூண்தான். கணினி வரட்டும், அறிவு வளரட்டும். அந்த அறிவைப் பெற்றுக்கொள்ளும் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, நிமிர்ந்தே எழட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், ஒரு மாணவி